மூன்று, ஆறு, எட்டு

ஒரு பொருள் செத்துப்போனதைப் பார்த்து மனசு குளிர்ந்தவர்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள். ரிப்போர்ட்டக்கா ஒரு நாள் காலை எட்டே காலுக்கு அப்படிக் குளிர்ந்தாள். மத்தியானம்வரைகூட அது தாங்கவில்லை.

முப்பது படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி அது. கீழ்த்தளத்தில் கடைசி அறை ரத்தப் பரிசோதனைக்கூடம். அங்கே இருபத்திரண்டு வருஷமாக ரிப்போர்ட் அடிக்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பெரிய டாக்டரிலிருந்து பெருக்குகிற அம்மாள்வரை எல்லோருக்கும் அவள் ரிப்போர்ட்டக்காதான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது.

ரத்தம் சோதிக்கிற மெஷினுக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே சர்வீஸ். மெஷின் கண்டுபிடிக்கிற அளவுகள் பக்கத்து மேஜையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு வரும். அந்தக் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதோடும் பேச மாட்டேன் என்று மெஷினுக்கு ஒரு பிடிவாதம். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு மானிட்டர்; இப்போது வருகிற தட்டை ஜாதி இல்லை, பின்பக்கம் வயிறு தள்ளிய பழைய ஜாதி. மெஷினால் செய்ய முடியாத சோதனைகளைக் கையால் செய்வது லேப்காரர் வேலை. அவர் அளவைத் துண்டுச்சீட்டில் எழுதித் தருவார், அவள் அடிப்பாள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பதால் அந்த லேப்காரருக்கு லென்ஸ் என்று பெயர். நாற்பது வயது, வாய் ஓயாத மனிதர்.

இனி ரகசியத்துக்கு வருவோம். நான்கு மாதமாக ரிப்போர்ட்டக்காவுக்கு மூன்றும் ஆறும் எட்டும் ஒரே மாதிரித் தெரிந்தன. முதலில் திரையில் தூசி என்று நினைத்து ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். மறுநாளும் துடைத்தாள். துடைக்க வேண்டியது கண்ணாடியை இல்லை என்று புரிந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை தொடங்கியது. மானிட்டரின் கீழே இருக்கும் வெளிச்சத் திருகுகளைக் கடைசிவரை கூட்டி வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டி, ‘தொடாதே’ என்று எழுதினாள். கிழக்கு ஜன்னல் வெளிச்சம் கண்ணில் பட்டால் எல்லாம் வெள்ளைப் புகையாகிவிடும் என்பதால், எக்ஸ்ரே பிலிம் வருகிற கறுப்பு அட்டைப் பெட்டிகளை வெட்டி மானிட்டருக்கு ஒரு முக்காடு செய்து போட்டாள். தலைவலி என்று சொல்லிக்கொண்டாள். மேஜை இழுப்பறையில் ஒரு பூதக்கண்ணாடி குடியேறியது. லென்ஸ் முதுகைத் திருப்பும் நேரமெல்லாம் அது வெளியே வரும், அவர் திரும்பினால் உள்ளே போகும். வீட்டில் அவள் கணவன் தையல்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பவள் அவள்தான். விரல் மூட்டு வலிக்கிறது என்று சொல்லி அதையும் நிறுத்தினாள். ஒரு பொய்க்குத் துணையாக எத்தனை வியாதி.

கண்புரையாகத்தான் இருக்கும் என்று அவளுக்கே ஒரு ஊகம். புதன்கிழமைதோறும் கண் டாக்டர் அதே ஆஸ்பத்திரிக்கு வருகிறார், இரண்டு அறை தள்ளி உட்காருகிறார். அந்தக் கதவைத் தாண்டும்போது அவள் நடை மட்டும் வேகமாகிவிடும். அவளுடைய அம்மாவுக்கு அந்தக் காலத்தில் கண் ஆபரேஷன் செய்து, சீழ் பிடித்து, ஒரு கண் போய்விட்டது. அந்தக் குழிந்த இமையை ஒன்பது வருஷம் பார்த்தவளுக்கு ஆபரேஷன் என்ற சொல்லே போதும். அது ஒரு பயம். கண் தெரியாதவளுக்கு ரிப்போர்ட் மேஜையில் என்ன வேலை என்று கேட்டுவிடுவார்கள் என்பது இன்னொரு பயம். மூன்றாவது ஒன்று இருந்தது. அதை அவள் நினைத்தே பார்ப்பதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் காலை வந்தது. அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள், அது ‘பீப்’ என்றது. மானிட்டரின் பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பு. மறுபடி அழுத்தினாள். கறுப்புதான்.

வேறு யாராக இருந்தாலும் மானிட்டர் போச்சு என்று சொல்லியிருப்பார்கள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. போய்விட்டதா, ஒரே ராத்திரியில் மொத்தமாகப் போய்விட்டதா என்றுதான் தோன்றியது. அறையும் ஜன்னலும் தன் கையும் தெரிகின்றனவே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் திரைதானே முதலில் மங்கியது, அதுதானே முதலில் போகும் என்று மனசு எதிர்க்கட்சி பேசியது. பொத்தானுக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு பச்சை விளக்கு உண்டு. அது எரிகிறதா என்று குனிந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் எரிவதும் தெரியவில்லை, அணைந்ததும் தெரியவில்லை.

லென்ஸ் நான்கடி தள்ளி ரத்தக் குழாய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். “தம்பி, இதுல படம் தெரியுதா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. தெரியுதே அக்கா என்று அவர் சொல்லிவிட்டால்? மடியில் கனமிருந்தால் வழியில் பயம்.

பிறகுதான் கை ஞாபகம் வந்தது. அந்தப் பழைய மானிட்டருக்கு உயிர் வந்தால் முதலில் வயிற்றுக்குள்ளிருந்து ‘டொங்’ என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் கண்ணாடிக்கு அருகில் கையைக் கொண்டுபோனால் முன்கை முடியெல்லாம் சிலிர்த்து நிற்கும், சடசடவென்று பொரியும். அதற்குக் கண் வேண்டாம். அவள் பொத்தானை அணைத்துப் போட்டுக் காதைக் கொடுத்தாள். டொங் இல்லை. முக்காட்டுக்குள் கையை விட்டுக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்தாள். ஒரு முடிகூட அசையவில்லை.

அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. செத்தது மானிட்டர். தன் கண் இல்லை. அப்படியே நாற்காலியில் சாய்ந்து, அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.

“தம்பி, மானிட்டர் போச்சு” என்று அவள் சொன்னபோது குரலில் இருந்த உற்சாகம் லென்ஸுக்குப் புரியவில்லை. அவர் பதறிப்போனார். அன்று இருபது பேர் ரத்தம் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

இருவருமாக வைத்தியம் தொடங்கினார்கள். சுவர்ப் பிளக்கில் மேஜைவிளக்கைச் செருகினார்கள், எரிந்தது; ஆகவே கரண்ட் வருகிறது. மானிட்டர் வயரைப் பிடுங்கிவிட்டு, அதே மாதிரி இருக்கும் பிரிண்டர் வயரைச் செருகினார்கள், அப்போதும் கறுப்பு. பின்பக்கத்து முனைகளையெல்லாம் அவள் விரலால் தடவி அமுக்கினாள். லென்ஸ் ஆபீஸ் அறைக்கு ஓடி, ஒரு தட்டை மானிட்டரைத் தூக்கிவந்து மாட்டினார். இந்தக் கம்ப்யூட்டரின் படம் எனக்கு ஒத்துவராது என்று அது ஒரே ஒரு வரி காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, நோய் பழைய மானிட்டருக்குத்தான் என்பதாவது தெரிந்தது. மெக்கானிக்குக்கு ஆள் போயிற்று.

வராந்தாவில் சத்தம் கூடியது. அப்போது ரிப்போர்ட்டக்கா ஒரு காரியம் செய்தாள். செத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து, சாவிகளை அழுத்தத் தொடங்கினாள். நான்காம் சாவி, நோயாளி எண், இரண்டு தட்டு, கீழ் அம்பு, மறுபடி தட்டு. பிரிண்டர் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கறகறவென்று அடிக்க ஆரம்பித்தது. முதல் ரிப்போர்ட் வந்தது. லென்ஸ் மெஷின் முகப்பின் சின்ன எண்கட்டத்தில் அளவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்து, அதோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரி. பதினோரு ரிப்போர்ட் அப்படி வந்தன, கண்ணைக் கட்டிக் காட்டில் விடப்பட்டவள் நேராக வீடு வந்து சேர்ந்த மாதிரி.

செய்தி மாடிவரை போய், பெரிய டாக்டரே இறங்கி வந்தார். திரையே இல்லாமல் வேலை பார்க்கிறாரே இந்த அம்மா என்று அத்தனை பேர் முன்னாலும் புகழ்ந்தார். லென்ஸ் தன் பங்குக்கு நான்கு வார்த்தை கூட்டினார். அவளுக்கு முகம் சுட்டது. நான்கு மாதமாகப் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது என்று அவளுக்கல்லவா தெரியும். திருடனுக்கு நல்ல காவல்காரன் என்று பரிசு கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பதினோரு மணிக்கு மெக்கானிக் வந்தார். தலை நரைத்தவர், அவசரமே இல்லாத ஆள். உட்கார்ந்ததும் முக்காட்டைத் தூக்கிக் கீழே வைத்தார். பின்மூடியின் திருகுகளைக் கழற்றும்போது யாரும் கிட்டே வராதீர்கள், கரண்டைப் பிடுங்கினாலும் இதற்குள் அடிக்கிற அளவு மிச்சம் இருக்கும் என்றார். அந்த மிச்சத்தை இறக்க, ஒரு வயரைத் திருப்புளியில் கட்டிப் படக்குழாயின் ரப்பர் தொப்பிக்குள் விட்டார். ‘பட்’ என்று ஒரு சத்தம். ரிப்போர்ட்டக்கா திடுக்கிட்டாள். அன்று எது பட்டென்றாலும் அவள் திடுக்கிடுவாள்.

கொஞ்ச நேரத்தில் நோய் தெரிந்தது. கரண்ட் உள்ளே வருகிற இடத்தில் ஒரு கெப்பாசிட்டர் உப்பித் தலை வெடித்திருந்தது. சுற்றியிருந்த பலகை கருகிப் பழுப்பாகியிருந்தது. அவர் முக்காட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை யார் போட்டது? சூடு போற ஓட்டை மொத்தத்தையும் மூடிடுச்சே.”

அக்காவுக்குத் தலைவலி, வெளிச்சம் ஆகாது என்று லென்ஸ் அவளுக்காக வக்காலத்து வாங்கினார். மெக்கானிக் அடுத்துக் கீழே குனிந்து, பிளாஸ்திரியை உரித்தார். திருகுகள் கடைசிக்குப் போய் முட்டி நிற்பதைக் கண்டார்.

“வெளிச்சம் ஆகாதவங்க வெளிச்சத்தை இவ்வளவு ஏத்தி வைப்பாங்களா?” என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை, கேள்வியாகவும் சொல்லவில்லை. அவள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையில் இறங்கிவிட்டார். அந்த ஒரு பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. தான் மறைத்த மறைப்பே மானிட்டரைக் கொன்றிருக்கிறது. அது போகும்போது சும்மா போகாமல் சாட்சியும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரத்தானே வேண்டும்.

பன்னிரண்டரை மணிக்குப் புது கெப்பாசிட்டரைப் பற்றவைத்து, மூடியை மாட்டிப் பொத்தானை அழுத்தினார். டொங். கண்ணாடி அருகே நீட்டிய அவள் முன்கையில் முடி சிலிர்த்தது. மெக்கானிக் திருகுகளைப் பாதி அளவுக்குக் குறைத்தார். இதுதான் இதற்கு அளவு, இனி இன்னும் பத்து வருஷம் ஓடும் என்றார். லென்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, புதுசு மாதிரி இருக்கிறதே என்றார்.

ரிப்போர்ட்டக்காவும் பார்த்தாள். முக்காடு இல்லை, ஜன்னல் திறந்திருக்கிறது, வெளிச்சம் பாதி. புகைக்குள் வெந்நீர் கொதிக்கிற மாதிரி ஏதோ வரிகள் அசைந்தன. அவளும் தலையாட்டி, நல்லா இருக்கு என்றாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் போன் அடித்தது. மேலே வார்டிலிருந்து டாக்டர். சிறுநீரகக் கோளாறோடு காலையில் சேர்ந்த ஒருவரின் பொட்டாசியம் அளவு வேண்டும், உடனே. சாதாரண நாளிலேயே அவசரம் என்றால் தாள் அச்சாகி மேலே போகும்வரை காத்திருப்பதில்லை. திரையைப் பார்த்துப் போனில் சொல்லிவிடுவதுதான் அங்கே வழக்கம். சொல்வது அவள்தான்; இருபத்திரண்டு வருஷமாக அவள் சொன்ன எண்ணை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

லென்ஸ் அறையின் அந்த மூலையில் கையுறையும் ரத்தமுமாக நின்றார். “திரையில வந்திருச்சுக்கா, கடைசி வரி. படிச்சுச் சொல்லிடுங்க” என்றார்.

கடைசி வரி எது என்று அவளுக்குத் தெரிந்தது. நோயாளி எண் எங்கே, பெயர் எங்கே, அளவு எங்கே என்று தூக்கத்தில்கூடச் சொல்வாள். அளவு இருக்கும் இடத்தில் ஒரு எண், ஒரு புள்ளி, இன்னொரு எண். பின்னால் இருப்பது எட்டு போலத் தெரிந்தது. முன்னால் இருப்பது மூன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலும் மூன்றுதான் வரும், இல்லாவிட்டால் நான்கு. மூன்று புள்ளி எட்டு என்றால் ஆபத்தில்லை. அதுவே ஆறு என்றால் இதயம் எந்த நிமிஷமும் நின்றுவிடலாம், மேலே உடனே ஊசி போட்டாக வேண்டும்.

“மூ” என்று நாக்கு எழும்பிவிட்டது.

அங்கேதான் அவள் அதுவரை நினைத்தே பார்க்காத மூன்றாவது பயம் எதிரே வந்து நின்றது. இந்த மூன்றைக் கண் பார்த்ததா, பழக்கம் பார்த்ததா? இன்றைக்குத் தெரியவில்லை என்றால், நேற்று? போன மாதம்? பூதக்கண்ணாடி எடுக்க நேரமில்லாத போதெல்லாம் இந்த நாக்கு எத்தனை மூன்று சொல்லியிருக்கிறது?

மெக்கானிக் பையைக் கட்டிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சத் திருகின் பக்கம் கையைக் கொண்டுபோனார். ஏத்தட்டுமா என்று கேட்கிற கை அது. அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு தலையாட்டல் போதும், யாருக்கும் தெரியாமல் இன்னொரு நான்கு மாதம் ஓட்டலாம்.

“ஹலோ, இருக்கீங்களா?” என்றது போன்.

“இருக்கேன் டாக்டர்” என்றாள். “எனக்கு எண் தெரியலை. என் கண்ணு சரியில்லை. லென்ஸ் தம்பி படிச்சுச் சொல்லுவார், ஒரு நிமிஷம்.”

மூலையில் ஒரு குழாய் தாங்கியில் மோதிய சத்தம் கேட்டது. லென்ஸ் கையுறையோடு ஓடிவந்தார், திரையைப் பார்த்தார், போனில் சொன்னார்.

“ஆறு புள்ளி எட்டு, டாக்டர். ஆமா. ஆறு.”

மேலே ஓட்டமும் நடையுமாகக் காலடிகள் கேட்டன. ரிப்போர்ட்டக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருகை அப்படியே விடுங்கள், மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும் என்று மெக்கானிக்கிடம் சொன்னாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். முக்காட்டையும் தன்னோடு எடுத்துப்போனார்.

லென்ஸ் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். வாய் ஓயாத அந்த மனிதர் கையுறையைக் கழற்றிவிட்டு அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரிய டாக்டரிடம் அவளே மாடியேறிப் போய்ச் சொன்னாள். காலையில் புகழ்ந்த மனிதர் இப்போது அவளை உட்காரச் சொன்னார். அந்த நோயாளி தப்பித்துவிட்டார் என்று முதலில் சொன்னார். நாளையிலிருந்து நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம், புதன்கிழமை கண் டாக்டரைப் பாருங்கள் என்று பிறகு சொன்னார். திரும்ப வந்து உட்காருவேனா என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாலு மாசத்தையும் நான் சரிபார்க்கணும் டாக்டர் என்று மட்டும் கேட்டாள். அவர் எழுந்து நின்று, செய்யுங்கள் என்றார்.

மெஷின் அனுப்பியதெல்லாம் தானாக அச்சாவது, போனில் சொன்னதற்கும் பின்னாலேயே அந்தத் தாள் மேலே போயிருக்கும்; அதில் பயமில்லை. பயம் கையால் எழுதிய சீட்டுகளில்தான். லென்ஸ் எழுதிய துண்டுச்சீட்டுகள் தேதிவாரியாகக் கம்பியில் குத்தித் தொங்கின. அவள் அடித்த ரிப்போர்ட்டின் நகல்கள் அலமாரியில் இருந்தன. மத்தியானச் சாப்பாடு இல்லாமல் இருவரும் உட்கார்ந்தார்கள். இடதுகையில் சீட்டு, வலதுகையில் நகல், லென்ஸ் இரண்டையும் உரக்கப் படித்தார். நேற்றிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போனார்கள். அவள் நாற்காலியில் கையைக் கோத்துக்கொண்டு கேட்டாள். ஒவ்வொரு ஜோடிக்கும் மூச்சைப் பிடித்தாள், ஒத்துப்போனதும் விட்டாள். ஒரு வாரம் போயிற்று, தப்பில்லை. இரண்டு வாரம் போயிற்று. பொழுது சாய ஆரம்பித்தது. ஒருவேளை தப்பித்துவிட்டேனோ என்று அவளுக்கு ஆசை வரத் தொடங்கிய நேரம், லென்ஸ் படிப்பதை நிறுத்தினார்.

சீட்டையும் நகலையும் மாறி மாறிப் பார்த்தார். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“சர்க்கரை, சாப்பிட்ட பின். நான் நூத்தி எண்பத்தாறுன்னு எழுதியிருக்கேன்.” சீட்டை மடியில் வைத்துவிட்டு நகலைத் தூக்கிப் பிடித்தார். “நீங்க நூத்தி முப்பத்தாறுன்னு அடிச்சிருக்கீங்கக்கா.”

நூற்று முப்பத்தாறு என்றால் உனக்கு ஒன்றுமில்லை, போ என்று அனுப்பிவிடுவார்கள். அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரமாக யாரோ ஒரு ஆள், தனக்குச் சர்க்கரை இல்லை என்று நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார். அந்த நிம்மதியைக் கொடுத்தது அவள்.

அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். மறைக்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“பதிவேட்டுல விலாசம் இருக்கும். எடு தம்பி. நானே போய்ச் சொல்றேன்.”

லென்ஸ் தயங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் போட்டு வரச் சொன்னால் போதுமே, நீங்கள் எதற்கு, திட்டுவார்களே என்றார். திட்டட்டும் என்றாள். அந்தத் திட்டு தன் விலாசத்துக்கு வந்தது, அதை வேறு யாரும் பிரித்துப் படிக்க வேண்டாம் என்றாள். மிச்சம் மூன்று மாதத்துச் சீட்டையும் நாளைக்கு வந்து கேட்பதாகவும் சொன்னாள்.

அவர் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு முழுத்தாளை எடுத்து, ரத்தக் குழாயில் எண் போடுகிற தடித்த கறுப்புப் பேனாவால் நிதானமாக எழுதினார். பெயர், வீட்டு எண், தெரு. ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவு. வீட்டு எண் முப்பத்தெட்டு. அவள் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தாள். முதலில் மூன்று, அடுத்து எட்டு. இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன.